முறிவு முகம்

இருபத்தாறு வருடம் நான் சம்பளம் வாங்கியது
உடைத்ததற்கு.
இரண்டு தாடைகளிடம் ஒரு பட்டையைக் கவ்வக் கொடுத்து
இழுக்கச் சொல்லிவிட்டு
திரையில் ஏறும் கோட்டையே பார்த்திருப்பேன்.
டப் என்று கேட்கும். கோடு விழும்.
திம்மராயன் எண்ணைச் சொல்வார்,
நான் எழுதிக்கொள்வேன்.

முதல் வருடம்
சாமல்பட்டித் தண்டவாள ஓரம்
ரயில் கற்றாழை வெட்டப் போயிருந்தோம்.
"எதுக்கும்மா, ஆடுகூடக் கடிக்காது இதை" என்றார் கேங்மேன்.
காருக்குக் கதவு செய்ய என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அரிவாளை வாங்கி நாலு மடல் வெட்டிப் போட்டுவிட்டு
சிக்னல் பக்கம் நடந்து போனார்.
அன்றிரவு முழங்கைவரை தடித்துப்போய்
சாறு பட்ட இடமெல்லாம் அரித்தது.

விடுதிக்குப் பின்னால் சிமென்ட் தொட்டியில் ஊறப்போட்டதற்கு
வார்டன் எழுதிய புகார் இன்னும் என்னிடம் இருக்கிறது:
"ஆராய்ச்சி என்ற பெயரில் துர்நாற்றம்."
நல்ல தலைப்பு.
எங்காவது அனுப்பியிருக்கலாம்.

நாருக்குத் தண்ணீர் பிடிக்கும்.
பிசினுக்குத் தண்ணீர் ஆகாது.
இரண்டையும் ஓர் அச்சில் போட்டு அழுத்திவிட்டு
சேர்ந்துவிட்டதாக நம்பவேண்டும்.
கல்யாணத்தோடு ஒப்பிடாதே ஜெசிந்தா,
என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.
காஸ்டிக் சோடா ஐந்து சதவீதம், நாலு மணி நேரம்;
மெழுகு கழன்று மேனி சொரசொரத்தால்
பிசின் பிடித்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் என் முனைவர் பட்டம்.

மதிப்பீட்டாளர்கள் எழுதினார்கள்:
எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.
ஐயா, இது கண்ணாடி இழை அல்ல.
ஒரு மடல் மழைக்கு முன் வெட்டியது,
ஒன்று சித்திரையில்,
ஒன்றின்மேல் பதினைந்து வருட கூட்ஸ் வண்டிகளின்
இரும்புத்தூள்.
ஒத்துப்போகாததுதான் தரவு என்று எழுதி
அழித்துவிட்டு
இன்னும் நாற்பது பட்டைகளை உடைத்து அனுப்பினேன்.

ஓசூர் கம்பெனி ஒருமுறை முப்பது கதவு வாங்கியது.
ஐப்பசி மழையில் அத்தனையும் உப்பிப்போயின.
மேலாளர் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.
அது இன்னும் மோசம்.
திரும்பும் பேருந்துக்கு முன்னால்
கிருஷ்ணகிரிவரை ஒரு லாரி,
அதில் சங்கிலி கட்டிய கருங்கல் பாளம்,
ஒரு நாளும் ஊறாதது.

ஓய்வுக்கு மூன்று வாரம் இருக்கையில்
மொட்டைமாடியைக் காலி செய்யச் சொன்னார்கள்.
சோலார் தகடு வைக்கப் போகிறார்களாம்.
வெயில் மழைச் சோதனைக்கென்று நான் மாட்டி
பதினோரு வருடமாக மறந்துபோன சட்டம் அங்கே.
சுவரோரப் பலகையில் கரையான் ஏறியிருந்தது.
நாரைத் தின்று
பிசினை அப்படியே விட்டிருந்தது.
என் வேலையைக் கடைசிவரை படித்த
ஒரே கூட்டம்.

திம்மராயன் போன வருடமே ஊரோடு போய்விட்டார்.
நானே அறுத்தேன், கோணலாக.
நுண்ணோக்கியின் கீழ்
குழாய் குழாயாக, நார் இருந்த இடங்கள்.
நார் இல்லை.
அதன் வரியும் கணுவும் உரிந்த செதிலும்
ஒன்றுவிடாமல் சுவரில் பதிந்திருந்தன.
பக்கத்துப் பலகை காஸ்டிக் காட்டாதது;
அதன் துளைகள் வழவழவென்று
யாரும் தங்காத லாட்ஜ் அறைபோல.

பிடித்திருந்தது என்றுதானே
இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
விட்டுப்போன பிறகுதான் தெரியும்படி
பிடித்திருக்கிறது.

படம் எடுத்து, அளவுக்கோடு போட்டு, சேமித்து,
திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
"எத்தனையில முறிஞ்சுது மேடம்?" என்றார், பழக்கதோஷம்.
பின்னால் எருமை கத்தியது.
இதற்கு எண் இல்லை என்று சொல்ல
எனக்குச் சற்று நேரம் ஆனது.